‘பழகிய ஸ்பாஞ்ச்’ வாங்குகிறவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்

சென்னை கொளத்தூருக்குக் கடல் மீன் வளர்ப்புச் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகவும். கடையின் பெயர் வேண்டாம். எனக்கு விற்கப்பட்ட சரக்கின் பெயர் போதும்: ‘பழகிய ஸ்பாஞ்ச்’, அதாவது ஏற்கெனவே ஒரு தொட்டியில் ஓடி நல்ல பாக்டீரியா குடியேறிய ஃபில்டர் பஞ்சு.

சென்ற முறை புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விட்டு, இருந்த மீன்கள் அத்தனையையும் வெண்புள்ளி நோய்க்குப் பறிகொடுத்தேன். அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி பட்டினியில் சாகட்டும் என்று 76 நாள் கெடு வைத்து அந்தத் தொட்டியை மீனில்லாமல் ஓடவிட்டிருக்கிறேன். அதற்குள் புது மீன்களைத் தனிமைத் தொட்டியில் வைத்து மருந்து கொடுத்துத் தயார் செய்துவிடலாம் என்பது திட்டம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டர் சொச்சம் தண்ணீர். மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள்.

ஃபில்டர்தான் சிக்கல். பெரிய தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் எடுத்தால் நோயும் கூடவே வரும். புது ஸ்பாஞ்சில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சை முறிக்கிற நல்ல பாக்டீரியா குடியேற ஒரு மாதமாவது பிடிக்கும். எனக்கோ பவுடர் புளூ டாங் மீன் ஒன்றுக்கும் க்ளவுன் மீன் இரண்டுக்கும் முன்பணம் கட்டியாகிவிட்டது. அவசரக்காரன் முகம் கடைக்காரருக்குத் தெரியாதா?

“செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள் சார். இன்று மாலையே மீனை விடலாம்” என்றார். 3,400 ரூபாய். கார்பன் பை வைத்த தொங்கும் ஃபில்டர் ஒன்று, பிஎச் நிலைக்கப் பவளத் துகள் ஒரு கிலோ, கடையின் கடல் தொட்டியில் ஆறு மாதம் ஓடியதாகச் சொன்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. புதிதாக வாங்கினால் 200 ரூபாய்க்குள் முடிகிற அந்த ஸ்பாஞ்சுக்கு மட்டும் 900. கடைப் பையன் உள்ளே போய் அதைப் பாலிதீன் பையில் கொஞ்சம் தண்ணீரோடு கட்டி எடுத்து வந்தான். எந்தத் தொட்டியிலிருந்து எடுக்கிறான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அம்மோனியா 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு). மூன்றே மீன், ஒரு சிட்டிகைத் தீனி. மாலையில் 1. டாங் செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றுக் குமிழிகளுக்குப் பக்கத்திலேயே நின்றது. கடல் தொட்டியில் இது சின்ன எண் அல்ல. நன்னீர்த் தொட்டிகள் பல பிஎச் 7 பக்கம் இருக்கும். கடல் தொட்டி 8.2. பிஎச் ஓர் எண் ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறையப் பத்து மடங்காகிவிடுகிறது.

மூன்றாம் நாள் தொட்டியின் அடியில் வெளுப்பாக ஏதோ கிடந்தது. குழாயால் உறிஞ்சி எடுத்தேன். தட்டையாகச் சுருண்ட பொட்டளவு ஓடு. குளத்து நத்தை! ஆறு மாதம் கடல் தண்ணீரில் ஓடிய ஸ்பாஞ்சில் குளத்து நத்தைக்கு என்ன வேலை?

ஸ்பாஞ்ச் வந்த பை பால்கனி வாளியில் அப்படியே கிடந்தது. அதன் மூலையில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் மிச்சம். தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கடல் தண்ணீராக இருந்தால் கோடு 35க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பூஜ்யத்தில் நின்றது. கடை வாசலில் நாக்கில் தொட்டுப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

நன்னீரில் வளர்ந்த பாக்டீரியாவைத் திடீரென்று அவ்வளவு உப்பில் போட்டால் அது செயலிழந்துபோகும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. ஸ்பாஞ்சுக்குள் இருக்கிற நத்தையும் புழுவும் செத்து அழுகி, அம்மோனியாவை மேலும் கூட்டும். 900 ரூபாய் கொடுத்து ஓர் அழுகல் மூட்டையை நானே தொட்டிக்குள் இறக்கியிருக்கிறேன்.

செட்டின் மற்ற இரண்டு சாமான்களும் சளைத்தவை அல்ல. டாங்கின் துடுப்பில் வெண்புள்ளி தெரிந்ததும் அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் கீலேட் (வேறொரு பொருளோடு பிணைத்த) வகைச் செம்பு மருந்தை 2 பிபிஎம் அளவுக்கு ஏற்றினேன். மறுநாள் சோதித்தால் 1.3. கார்பன் மருந்தை உறிஞ்சும். பவளத் துகளின் சுண்ணாம்பு செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து போடுகிற தொட்டிக்கு இரண்டுமே ஆகாது. பாறை வேண்டாம் என்று ஒதுக்கிய நான் அதே பாறையின் தூளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பழியை முழுவதும் கடைக்காரர்மேல் போட முடியாது.

நான்காம் நாள் விடியற்காலையில் டாங் போய்விட்டது.

க்ளவுன்களைக் காப்பாற்றியது வாளிதான். தினமும் பாதித் தண்ணீர், அதாவது 25 லிட்டர், மாற்றினேன். புது உப்புத் தண்ணீரிலும் அதே அளவு செம்பைக் கலந்துதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மருந்தின் அளவு இறங்கிவிடும். அண்ணா நகரில் நண்பர் ஒருவர், இரண்டு ஆண்டுகளாகப் புது மீன் சேர்க்காத தன் கடல் தொட்டியின் சம்ப்பிலிருந்து (ஃபில்டர் வைக்கும் துணைத் தொட்டி) ஒரு ஸ்பாஞ்ச் கொடுத்தார். நண்பர் கொடுத்ததாயிற்றே என்று அப்படியே போட்டுவிடவில்லை. ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஏர் பம்ப்போடு ஓடவிட்டு, அம்மோனியம் குளோரைடால் அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு ஏற்றினேன். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் பூஜ்யம். அதற்குப் பிறகுதான் தொட்டிக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை பை, ரிஃப்ராக்டோமீட்டர், தீப்பெட்டிக்குள் நத்தை ஆகியவற்றோடு கடைக்குப் போனேன். “கடல் தண்ணீரில் இருந்ததுதான் சார். கொடுக்கும்போது நல்ல தண்ணீரில் அலசிக் கொடுத்தோம்” என்றார். அப்படி அலசுவதே பாக்டீரியாவுக்குக் கெடுதல் என்பது இருக்கட்டும். நத்தையையும் அலசும்போதுதான் சேர்த்தீர்களா என்று தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “பாக்டீரியா எல்லாம் ஒன்றுதான் சார்” என்று பேச்சை மாற்றினார். கடைசியில் பவளத் துகளுக்கான 350 ரூபாயை மட்டும் எண்ணி வைத்தார். ஸ்பாஞ்சுக்கும் செத்த மீனுக்கும் பேச்சே இல்லை.

கிளம்பும்போது உள்ளே அந்தப் பையன் கோல்ட்ஃபிஷ் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்துப் பையில் கட்டிக்கொண்டிருந்தான். யாருக்குத் தம்பி என்று கேட்டேன். “வாசலில் நிற்கிறாரே, அந்த மரைன் சாருக்கு அண்ணா” என்றான். வெளியே வந்து, ரிஃப்ராக்டோமீட்டரை அந்த சாரின் கையில் கொடுத்தேன்.