குடியாத்தம் முதல் காவேரிப்பாக்கம் வரை: ஒருநாள் ஊர்ப்பெயர்ச் சுற்றுலா, ஒரு மதிப்புரை

ஊர்களுக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே அழைத்துப் போகும் ஊர்ப்பெயர்ச் சுற்றுலா ஒன்று வேலூரிலிருந்து ஞாயிறுதோறும் புறப்படுகிறது. அதற்கு நானும் என் மனைவியும் சென்ற வாரம் போய் வந்தோம். நடத்துகிறவர்கள் இப்போதுதான் தொழில் தொடங்கியிருக்கிறார்கள் என்பதாலும், குறைகளைச் சற்று அழுத்தமாகவே சொல்லப் போகிறேன் என்பதாலும், அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. பதினான்கு பேர் அமரும் வேன். காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு 1,100 ரூபாய். வழிகாட்டியாக வந்தவர் வரலாறு படித்த இளைஞர். குரல் நன்றாக இருந்தது, ஆள் சுறுசுறுப்பானவர், கேட்ட கேள்விக்கு எரிச்சல் படாமல் பதில் சொன்னார்.

காலை ஆறரை மணிக்குக் கோட்டை எதிரே வேன் ஏறியதும் வேல மரங்கள் நிறைந்த ஊர் வேலூர் என்று தொடங்கி, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று உள்ளூரில் வழங்கும் பழைய கேலியையும் சொல்லி முடித்தார். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981ஆம் ஆண்டு மீண்டும் சிவலிங்கம் வைக்கப்பட்டதால் அந்தக் கேலியில் ஒரு வரியை அடித்துவிட வேண்டும் என்று பின் இருக்கையிலிருந்த பெரியவர் திருத்தினார். மற்ற இரண்டு வரிகளை அடிக்க இன்னும் வழி பிறக்கவில்லை.

விரிஞ்சன் என்பது பிரம்மனுக்குரிய பெயர். அவன் வழிபட்ட தலம் விரிஞ்சிபுரம். அங்கே கோயிலின் மதிலழகைக் காட்டியதும், நேரம் காட்டும் கல்லில் ஈர்க்குச்சி வைத்து நிழல் விழும் இடத்தைப் பார்க்கச் சொன்னதும் சுவையாகவே இருந்தன. ஆனால் பதினான்கு பேரும் ஒவ்வொருவராகக் குச்சி வைத்துப் படம் எடுத்துக்கொள்ள முக்கால் மணி நேரம் போயிற்று. அதன் விலையைப் பின்னால் கொடுத்தோம். பள்ளிகொண்டாவைச் சுங்கச்சாவடியாக மட்டுமே அறிந்திருந்த இருவருக்கு, அரங்கநாதர் பள்ளிகொண்ட ஊர் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடங்கள் குடியாத்தத்தில் ஒரு டீக்கடை வாசலில் கழிந்தன. பழைய ஆள் போலத் தெரிந்த கடைக்காரரிடம் வழிகாட்டி வேண்டுமென்றே வழி கேட்டார். “ஆத்துக்கு அந்தாண்ட போங்க” என்று அவர் கவுண்டன்யா நதியின் பக்கம் கை காட்டினார். “கேட்டீங்களா? ஆற்றுக்கு என்பது ஆத்துக்கு ஆகிவிட்டது. அதே மாதிரிதான் குடியேற்றம், குடியேத்தம், குடியாத்தம்” என்றார் வழிகாட்டி. நம்முடைய வாய் நாள்தோறும் செய்துகொண்டிருக்கும் வேலைதான் ஊர்ப்பெயரையும் மாற்றியது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. முதலமைச்சரான காமராசர் 1954ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் போனது இந்தத் தொகுதியிலிருந்துதான் என்பதையும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

குறை திருவலத்தில் தொடங்கியது. பன்னிரண்டரை மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். விரிஞ்சிபுரத்தில் தாராளமாகச் செலவழித்த நேரம் இங்கே இல்லாமல் போயிற்று. வெளியே நிழலில் நிற்க வைத்து, மாங்கனிக்காகப் பிள்ளையார் பெற்றோரை வலம் வந்ததால் திருவலம் என்றும், அபிஷேகத்துக்கு நீர் வேண்டி இறைவன் “நீ வா” என்று அழைத்ததால் ஆற்றுக்கு நீவா என்றும் சொன்னார். பொன்னையாற்றை இப்படி அழைக்கும் கதை கேட்க இனிமையானது, குழந்தைகள் கைதட்டினார்கள், எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் சம்பந்தர் பாடியது திருவல்லம் என்ற ஊரை. கல்வெட்டுகள் அதைத் தீக்காலி வல்லம் என்கின்றன. வாணர் என்ற குறுநில மன்னர்களின் வாணபுரமும் இதுவே. இவையெல்லாம் வெட்டப்பட்ட கற்கள் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க, தலபுராணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு வருவதைப் போன்றது. காலையில் முதலில் திருவலத்துக்குப் போய்விட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

மதியச் சாப்பாட்டில் முள்ளுக் கத்திரிக்காய்க் கார குழம்பு நன்றாக இருந்தது. மோர் புளித்திருந்தது.

இராணிப்பேட்டையின் கதையை அவர் உருக்கமாகச் சொன்னார். செஞ்சியின் தேசிங்கு ராஜா போரில் மாண்டதும் உடன்கட்டை ஏறிய இளம் மனைவியின் நினைவாக, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் அமைத்த பேட்டை என்பது அந்தக் கதை. ஆண்டு மட்டும் 1771 என்றார். தேசிங்கு இறந்தது 1714இல். சாதத்துல்லா கான் இறந்தது 1732இல். இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் எப்படி ஊர் அமைப்பார் என்று கேட்டேன். அந்த ஆண்டு பலரும் எழுதிவருவது என்றார். அது உண்மைதான், பிழை அவர் கண்டுபிடித்ததன்று. ஆயினும் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறவர் ஒரு கழித்தல் கணக்காவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

நவ்லாக் என்ற ஊரின் பெயரை ஏதோ ஆங்கிலச் சொல் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். நவாபு காலத்துத் தோப்பில் ஒன்பது லட்சம் மரங்கள் இருந்ததாகச் சொல்லி, இந்துஸ்தானியில் நவ் லாக் என்று வைத்த பெயராம். அங்கே இப்போது அரசுத் தென்னைப் பண்ணை இருப்பது பொருத்தமாகவே பட்டது. ஆற்காட்டு நவாபு முகமது அலியின் வாலாஜா என்ற பட்டத்தால் பெயர் பெற்றதும் 1866இலேயே நகராட்சியானதுமான வாலாஜாபேட்டையில் வேன் நிற்கவே இல்லை.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஏறி நின்றபோது மாலை ஐந்து மணி. எங்களோடு வந்த ஒரு மூதாட்டி, “காவேரி எங்கே, இந்த ஊரு எங்கே தம்பி?” என்று எல்லாருடைய மனத்திலும் இருந்ததைக் கேட்டார். “ஏரி அவ்வளவு பெரிசுங்கம்மா, அதான் காவேரி” என்று வழிகாட்டி சமாளித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கல்வெட்டுகளில் இந்த ஊர் காவிதிப்பாக்கம் ஆன அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். காவிதி என்பது அரசர் வழங்கிய பட்டம். அந்தப் பட்டம் மக்களுக்கு மறந்துபோன பிறகு, காதுக்குப் பழகிய காவேரி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்றேன். வழிகாட்டி கோபித்துக்கொள்ளாமல், பையிலிருந்த நோட்டை எடுத்து, “காவிதிக்கு ‘த’வா, ‘தி’யா சார்?” என்று எழுத்துக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மக்கன் பேடா என்ற ஆற்காட்டு இனிப்பு கட்டணத்தில் சேராது. வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிலுக்குத் தொப்பியும், மோருக்குப் பதிலாக ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டு போங்கள். முன்பதிவு செய்யும்போதே திருவலத்துக்கு எத்தனை மணிக்குப் போவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.