ஆர்எக்ஸ் 100 கிளட்ச் வேலைக்கு விடுபவர்கள் கவனத்துக்கு: உளி வைத்து ஸ்குரூ கழற்றும் ஒர்க்‌ஷாப்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் புது ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் வேலைக்கு வண்டியை விடும் முன், "கை இம்பாக்ட் டிரைவர் இருக்கா?" என்று கேளுங்கள். இறுகிப்போன ஸ்குரூவைச் சுத்தியலால் அடித்துத் திருகிக் கழற்றும் கருவி அது. இல்லை என்றாலோ, "அதெல்லாம் எதுக்கு, உளியே போதும்" என்றாலோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என்னுடையது அப்பா ஓட்டிய 94 மாடல். கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று கோவையில் ஒரு கடையில் விட்டேன். பிளேட், கிளட்ச் கவர் பேக்கிங் (ஆயில் கசியாமல் இருக்கக் கவருக்கு அடியில் வைக்கும் தாள்), ஸ்குரூ செட் எல்லாம் புதிது என்று பில் போட்டு வாங்கினார்கள். அடுத்த வாரமே எஞ்சினுக்கு அடியில் கியர் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. போய்க் கேட்டால், "பழைய வண்டின்னா கசியத்தான் செய்யும் தம்பி" என்றார் முதலாளி.

வேறொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கவரைத் துடைத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்குரூ எல்லாமே பழசு. தலைகளில் உளி வெட்டு, அதன் மேல் சில்வர் பெயின்ட். கவரின் ஒரு காது, அதாவது ஸ்குரூ நுழையும் விளிம்புப் பகுதி, விரிசல் விட்டிருந்தது. அதை எம்-சீல் வைத்து மூடியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இன்னொன்றில்: ஒரு ஸ்குரூவின் தலை முறிந்து, உடல் துளைக்குள்ளேயே நிற்க, முறிந்த தலையை மட்டும் மேலே ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே பழைய பேக்கிங்கே சிலிக்கான் தடவி உட்கார்ந்திருந்தது.

மிச்ச ஸ்குரூக்களை அவர் கழற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கவர் அலுமினியம், ஸ்குரூ இரும்பு. பல வருடம் ஈரமும் சூடும் பட்டு மரையில் அரிப்பு ஏறி இறுகிவிடும். சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவரால் திருகினால், முனை ஸ்குரூ தலையில் இருக்கும் ஸ்டார் வெட்டை விட்டு மேலே ஏறி வழுக்கும், வெட்டு மழுங்கும். அப்புறம்தான் உளியைத் தேடுகிறார்கள். உளி ஸ்குரூவைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அந்த அடி முழுவதும் கவரின் காதுக்குப் போகிறது.

இம்பாக்ட் டிரைவரில் பின்னால் சுத்தியலால் அடித்தால், உள்ளே இருக்கும் சாய்வான காடி அந்த அடியின் ஒரு பகுதியைத் திருகலாக மாற்றுகிறது. முனையில் மாட்டிய பிட் அந்த ஸ்டார் வெட்டுக்குள் அழுந்தும் அதே நொடியில் திரும்புவதால் வழுக்க வழியில்லை. அவர் முதலில் வெட்டுக்குள் இருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தார். 3-ஆம் நம்பர் பிட் போட்டார். அந்த 6 மி.மீ. ஸ்குரூக்களுக்கு 2-ஆம் நம்பர் ஆடும். திசை கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று சரிபார்த்து, டிரைவரின் உடலை இடப்பக்கமாகத் திருகிப் பிடித்தபடியே, கனமான சுத்தியலால் ஒரே அழுத்தமான அடி. டொக் டொக்கென்று செல்லமாகத் தட்டினால் வெட்டுதான் கெடும் என்றார். அசைந்து கொடுத்ததும் மீதியைச் சாதாரண டிரைவரால் கழற்றினார். திரும்ப மாட்டும்போது இதைத் தொடவே இல்லை. இதை வைத்து இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். உளி வெட்டு விழுந்த தலைகள்கூட இதில் வந்துவிட்டன. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற கருவி இது. இதைக்கூட வாங்கி வைக்காத கடையில் எஞ்சினைத் திறக்க விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

உள்ளே நின்ற ஸ்குரூவை லேத் பட்டறையில் துளைத்து எடுத்தோம். காதுக்கு ஆர்கான் வெல்டிங், எல்லாத் துளைக்கும் அலன் போல்ட், புது பேக்கிங். இப்போது கசிவு இல்லை.

பழைய பேக்கிங்கோடு முதல் கடைக்குப் போனேன். பேக்கிங் காசை மட்டும் திருப்பித் தந்தார்கள். ஸ்குரூவுக்கும் காதுக்கும், "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்று கையை விரித்துவிட்டார்கள். எனவே வண்டியை விடும்போதே, கவரில் இருக்கும் ஒவ்வொரு ஸ்குரூவும் தெரியும்படி அவர்கள் கண் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய சாமான்களைக் கையில் வாங்கிய பிறகு காசு கொடுங்கள்.