ஹோம் டிப்போ, லோஸ், மெனார்ட்ஸ்: விலை, தரம், சேவை குறித்த நீண்டகால அனுபவம்

சிகாகோவின் மேற்குப் புறநகரில் 1980களில் கட்டப்பட்ட ஒரு வீட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். வீட்டுப் பராமரிப்புப் பொருள்களை விற்கும் ஹோம் டிப்போ, லோஸ், மெனார்ட்ஸ் ஆகிய மூன்று பெருங்கடைகளும் வீட்டிலிருந்து சில மைல் தொலைவுக்குள்ளேயே இருப்பதால், ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் சாதனம்) வடிகட்டி முதல் டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) போடும் பலகை வரை எல்லாவற்றையும் மாறி மாறி மூன்றிலும் வாங்கிப் பார்த்தாயிற்று. புதிதாக வீடு வாங்கும் நண்பர்கள் அனைவரும் கேட்கும் முதல் கேள்வி, இவற்றில் எது மலிவு என்பதுதான். அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. பிவிசி குழாய், சிமென்ட் கலவை மூட்டை, ஸ்விட்ச், சுவர்ப் பலகை போன்ற அன்றாடப் பொருள்களில் மூன்று கடைகளும் ஒன்றையொன்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து விலை வைக்கின்றன. பணம் கூடுவதும் குறைவதும் வாங்கிய பிறகுதான்: திருப்பிக் கொடுக்கும்போது, வாரன்டி கோரும்போது, உதிரி பாகம் தேடும்போது, அடுத்த கருவியை வாங்கும்போது.

ஹோம் டிப்போ 1978இல் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு அட்லாண்டாவில் முதல் கடைகளைத் திறந்தது. லோஸ் 1921இல் வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ என்ற சிற்றூரில் தொடங்கியது. இவை இரண்டும் நாடெங்கும் உண்டு. மெனார்ட்ஸ் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, பங்குச் சந்தைக்கு வராத நிறுவனம். அது மத்திய மேற்கு மாநிலங்களைத் தாண்டி அதிகம் போகவில்லை என்பதால், நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும். அவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

மெனார்ட்ஸின் அடையாளம் அதன் 11 சதவீத ரிபேட். ஆண்டில் பல வாரங்கள் கடையில் உள்ள ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் இது அறிவிக்கப்படுகிறது. பணம் கட்டும் இடத்தில் எதுவும் குறையாது. ரசீதோடு சேர்ந்து வரும் தனிச் சீட்டைப் படிவத்துடன் அனுப்பினால், சில வாரங்கள் கழித்து அக்கடையில் மட்டுமே செலவழிக்கக்கூடிய ஒரு வரவுக் காசோலை தபாலில் வந்து சேரும். 1,000 டாலருக்குப் பலகை வாங்கினால் 110 டாலர் வரவு கிடைக்கிறது. ஆயினும் 1,000 டாலர் ரொக்கத்துக்கு மொத்தம் 1,110 டாலர் பெறுமான சரக்கு கிடைக்கிறது என்று கணக்கிட்டால், உண்மையான தள்ளுபடி 9.9 சதவீதமே. அதுவும், அந்த வரவைச் செலவழிக்க அடுத்த வேலை ஒன்று காத்திருந்தால்தான் முழுமையாகக் கைக்கு வரும். வேலை இல்லாதவர் அந்தக் காசோலையைத் தீர்ப்பதற்காகவே கடைக்குப் போய், நாய் உணவும் நொறுக்குத்தீனியும் பொம்மை ரயிலும் வாங்கிக்கொண்டு திரும்புவார். அவை அனைத்தும் அங்கே விற்கப்படுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரிபேட் பெற்ற பொருளைத் திருப்பிக் கொடுத்தால், பெற்ற ரிபேட் தொகையைக் கழித்துக்கொண்டே மீதியைத் தருவார்கள். இது நியாயமானதுதான் என்றாலும், கூடுதலாக வாங்கி மிஞ்சியதைத் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில், ஒரு கோடை முழுவதும் டெக், வேலி, பேஸ்மென்ட் என்று அடுத்தடுத்து வேலை வைத்திருப்பவருக்கு மெனார்ட்ஸ்தான் மலிவு. ஆண்டுக்கு ஒருமுறை குழாய் மாற்றுபவருக்கு அது மலிவன்று.

மற்ற இரு கடைகளின் சலுகைகள் கடன் அட்டையில் இருக்கின்றன. லோஸ் அட்டையில் வாங்கினால் அந்த இடத்திலேயே 5 சதவீதம் குறையும். ஹோம் டிப்போவின் நுகர்வோர் அட்டைக்கு அப்படி நிரந்தரத் தள்ளுபடி கிடையாது. அதற்குப் பதிலாகப் பெரும்பாலான பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் காலம் 90 நாளிலிருந்து 365 நாளாக நீள்கிறது. இரண்டிலும் வரும் ‘ஆறு மாதம் வட்டியில்லை’ என்ற அறிவிப்பைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அது ஒத்திவைக்கப்பட்ட வட்டி. தவணைக் காலம் முடியும் நாளில் ஒரு சிறு தொகை பாக்கி இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த முழு வட்டியும் மொத்தமாகக் கணக்கில் ஏறும். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டி முடிக்கும் ஒழுங்கு இருப்பவருக்கு லோஸ் அட்டையின் 5 சதவீதம்தான் இம்மூன்றிலும் சிக்கலற்ற சேமிப்பு என்பது என் கணிப்பு.

மற்றொரு கடையின் குறைந்த விலையைக் காட்டினால் அதே விலைக்குத் தருவதாக ஹோம் டிப்போவும் லோஸும் வாக்களிக்கின்றன. நடைமுறையில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மாதிரி எண் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் குழாய்த் திருகு, பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தும், ஒரு கடையில் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். அத்தோடு வாக்குறுதி முடிந்தது. கடைகளின் சொந்தப் பெயர்களில் வரும் சரக்குக்கு ஒப்பிடவே வழியில்லை. ஹோம் டிப்போவில் ஹஸ்கி, எவர்பில்ட், ஹாம்ப்டன் பே. லோஸில் கோபால்ட், ஆலன் அண்டு ராத். மெனார்ட்ஸில் மாஸ்டர்ஃபோர்ஸ், பேட்ரியட் லைட்டிங் என்று ஒவ்வொருவரும் தனித்தனிப் பெயர்களை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பிரிவினை மிகத் தெளிவாகத் தெரிவது பேட்டரிக் கருவிகளில். ஒரு டிரில் வாங்குவதாக நினைத்துக்கொண்டு நாம் உண்மையில் ஒரு பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எந்தக் கடைக்குப் போவோம் என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது. அமெரிக்காவில் ரியோபி கருவிகளை விற்கும் பெருங்கடை ஹோம் டிப்போ. அதன் 18 வோல்ட் ஒன்-பிளஸ் வரிசை 1996இல் வந்தது. அன்றிலிருந்து பேட்டரியின் பொருத்தும் வடிவத்தை மாற்றாமலே வைத்திருக்கிறார்கள். லோஸின் கோபால்ட் வரிசையோ 18, 20, 24 வோல்ட் என்று மாறி வந்திருப்பதால், பழைய கருவி நன்றாக ஓடினாலும் பேட்டரி தீர்ந்ததும் புதிதாகத் தொடங்க வேண்டிய நிலை வரும். கோபால்ட் டிரில் தரத்தில் ரியோபிக்குக் குறைந்ததன்று. கைப்பிடியில் பிடித்துப் பார்த்தால் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். இருந்தும் தொடக்கநிலையினருக்கு நான் ரியோபியையே சொல்வேன். இலை ஊதும் கருவி, விளக்கு, காற்றடிக்கும் பம்ப் என்று அதே பேட்டரியில் ஓடும் சாதனங்கள் அவ்வளவு இருக்கின்றன. புல்வெளிக்கான பெரிய மின்கருவிகளில் ஈகோ என்ற பிராண்டு வேண்டுமென்றால் லோஸுக்குப் போக வேண்டும். ஹோம் டிப்போவில் விற்கும் ரிஜிட் கருவிகளுக்கு வாழ்நாள் சேவை ஒப்பந்தம் ஒன்று உண்டு. அது பேட்டரிக்கும் பொருந்தும் என்பது அபூர்வமான சலுகை. ஆனால் வாங்கிய 90 நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் அது கிடைக்காது.

மரச் சரக்குக்கு வருகிறேன். டூ பை ஃபோர் என்று விற்கப்படும் மரச்சட்டத்தின் உண்மையான அளவு ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம் என்பதில் மூன்று கடைகளுக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு சேமித்து வைக்கும் முறையில் இருக்கிறது. மெனார்ட்ஸில் பெரும்பகுதி மரம் கடைக்குப் பின்னால் உள்ள திறந்தவெளி முற்றத்துக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டிருக்கும். காரை அல்லது டிரக்கை நேராக உள்ளே ஓட்டிச் சென்று நாமே ஏற்றிக்கொண்டு, வெளியேறும் வாயிலில் காவலரிடம் ரசீதைக் காட்டிவிட்டு வரலாம். நீளமான பலகைகளை ஏற்ற இதைவிட வசதியான ஏற்பாடு வேறெங்கும் இல்லை. மற்ற இரண்டிலும் சட்டங்கள் கூரைக்குள்ளேயே இருப்பதால் மேற்பரப்பு உலர்ந்திருக்கும். ஆகவே, வெளியில் டெக் போடுவதற்கான பதப்படுத்திய மரத்தை மெனார்ட்ஸிலும், வீட்டுக்குள் சுவர் எழுப்பும் சட்டத்தை ஹோம் டிப்போ அல்லது லோஸிலும் வாங்குவது என் வழக்கம். எங்கே வாங்கினாலும், சட்டத்தின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் கண்ணருகே பிடித்து விளிம்பு நெடுக நோட்டம் விட வேண்டும். வளைவும் முறுக்கும் அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அடுக்கின் மேலே இருப்பவை பிறர் பார்த்துக் கழித்தவை என்பதால் நான்கைந்து வரிசை கீழேயிருந்து எடுப்பது நல்லது. 2021 மே மாதத்தில் மர முன்பேரச் சந்தையில் ஆயிரம் போர்டு அடியின் (மரத்தின் கன அளவைக் குறிக்கும் அலகு) விலை 1,600 டாலரைத் தாண்டியபோது, இந்த மூன்று கடைகளின் சட்ட அடுக்குகளிலும் கழித்துப் போட்ட கோணல் மரம்கூட மிஞ்சவில்லை.

பெயின்டில் போட்டி நேரடியானது. ஹோம் டிப்போவில் பெஹ்ர், லோஸில் வால்ஸ்பார், மெனார்ட்ஸில் டச்சு பாய். பெஹ்ரின் இடைநிலை வகைக்கும் வால்ஸ்பாரின் அதே விலை வகைக்கும் மூடும் திறனில் என் கண்ணுக்கு வேறுபாடு தெரிந்ததில்லை. ஒரு கடையின் நிற அட்டையை மற்றொரு கடையில் கொடுத்துக் கலக்கச் சொன்னால் கலந்து தருவார்கள். சுவர் முழுவதும் புதிதாக அடிப்பதற்கு அது போதும், பழைய சுவரில் ஒட்டுப்போடுவதற்கு ஆகாது. சன்னல் வெளிச்சம் சாய்வாகப் படும் நேரத்தில் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும்.

வெந்நீர்க் கொதிகலனில் பெயர்கள் பிரிந்து கிடக்கின்றன. ரீம் ஹோம் டிப்போவில், ஏ.ஓ. ஸ்மித் லோஸில், மெனார்ட்ஸில் விற்கும் ரிச்மண்ட் ரீம் நிறுவனமே தயாரிப்பது. இங்கே கடையைவிட வாரன்டி ஆண்டுகளும் கலன் துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் அனோடு என்ற உலோகத் தண்டும்தான் முக்கியம். ஆறு ஆண்டு வாரன்டிக் கலனுக்கும் பன்னிரண்டு ஆண்டுக் கலனுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேற்றுமை இருக்காது. பேஸ்மென்ட் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வாங்கும்போதும் இதே கவனம் தேவை. பிளாஸ்டிக் உடல் கொண்டது மலிவாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் பேஸ்மென்ட் நனையக்கூடாது என்று நினைப்பவர்கள் வார்ப்பிரும்பு உடல் கொண்டதையே எடுக்க வேண்டும்.

பணியாளர்களின் அறிவைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது கடினம். கடையைவிட நேரத்தைப் பொறுத்தது அது. வார நாள் காலை ஏழு மணிக்கு ஒப்பந்ததாரர்கள் வந்து நிற்கும் வேளையில், மின்சாரப் பிரிவிலோ குழாய்ப் பிரிவிலோ தொழில் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பார். சனிக்கிழமை பிற்பகலில் கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சொல்லும் மாணவர்தான் கிடைப்பார். சிகாகோ பகுதிக்கு இது முக்கியம். சிகாகோவிலும் சுற்றியுள்ள பல ஊர்களிலும் வீட்டு மின்கம்பிகளை உலோகக் குழாய்க்குள் செலுத்த வேண்டும் என்பது விதி. இணையக் காணொளிகளில் காட்டப்படும் பிளாஸ்டிக் உறையிட்ட கேபிளும் பிளாஸ்டிக் பெட்டியும் இங்கே செல்லாது. ஆயினும் அவையும் அதே அலமாரியில்தான் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றைக் கூடையில் போட்டிருந்த என்னிடம், எந்த ஊர் என்று கேட்டு, உலோகக் குழாய் இருக்கும் பகுதிக்கு அழைத்துச் சென்று, வளைக்கும் கருவியைப் பிடிக்கும் விதத்தையும் காட்டியவர் லோஸில் பணிபுரிந்த ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர். அந்த அறிவுரைக்குப் பொருளின் விலையைவிட மதிப்பு அதிகம்.

கருவி வாடகையில் ஹோம் டிப்போவுக்கு நிகரில்லை. தரை தேய்க்கும் இயந்திரம், புல்வெளியில் துளையிடும் கருவி, மண் தோண்டும் இயந்திரம் எல்லாம் நான்கு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் என்ற கணக்கில் கிடைக்கின்றன. எடுப்பதற்கு முன் அங்கேயே ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.

கடை மூலம் ஆள் வைத்துப் பொருத்தும் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வருபவர் உள்ளூர் துணை ஒப்பந்ததாரர். கடை ஊழியர் அல்லர். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பெருங்கடை வழியாக எங்கள் வீட்டுப் பின்வாசலுக்குக் கண்ணாடிக் கதவு மாற்றினோம். அளவெடுத்தவர் ஒருவர், பொருத்த வந்தவர் வேறொருவர். வந்த கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது. கடை ஒப்பந்ததாரரைக் காட்ட, ஒப்பந்ததாரர் உற்பத்தியாளரைக் காட்ட, உற்பத்தியாளர் கடையின் ஆர்டர் தாளைக் காட்ட, மாற்றுக் கதவு வரும்வரை குளிர்காலத்தின் பாதி கழிந்துவிட்டது. அதன்பின் பொருளைக் கடையில் வாங்கி, ஆளை அக்கம்பக்கத்தில் விசாரித்து நாமே அமர்த்திக்கொள்கிறோம்.

திருப்பிக் கொடுப்பதில் மூன்று கடைகளுமே பொதுவாக 90 நாள் தருகின்றன. பெட்ரோலில் ஓடும் கருவிகளுக்கு ஹோம் டிப்போவிலும் லோஸிலும் இது 30 நாளாகக் குறைகிறது. ஹோம் டிப்போவில் வாங்கும் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றில் சேதம் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். டெலிவரி ஆள்கள் வாசலில் நிற்கும்போதே உறையைப் பிரித்து நான்கு பக்கமும் பார்ப்பது அவசியம். செடி வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஹோம் டிப்போவும் லோஸும் பல்லாண்டுச் செடிகளுக்கும் மரக்கன்றுகளுக்கும் ஓராண்டு உத்தரவாதம் தருகின்றன. இல்லினாய் பனியில் பட்டுப்போன செடியை ரசீதுடன் கொண்டுபோய்ப் பணத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறேன்; முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, இரண்டே இரண்டு திருகாணி வேண்டும்போது நான் இந்த மூன்றுக்குமே போவதில்லை. ஏஸ் ஹார்டுவேர் என்பது கடைக்காரர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பு. அதன் தலைமையகமும் எங்கள் பக்கத்து ஊரான ஓக் புரூக்கில்தான். அங்கே திருகாணியை ஒவ்வொன்றாக இழுப்பறையிலிருந்து எடுத்து வாங்கலாம். பழையதைக் கொண்டுபோனால் மரை அளவு பார்த்துப் பொருத்திக் கொடுப்பார்கள். ஒன்றுக்கு ஒன்று விலை சற்றுக் கூடுதல்தான். வாகன நிறுத்தத்திலிருந்து பொருள் இருக்கும் அலமாரிவரை நடக்கும் தூரம் மிகக் குறைவு.