எம்1 கேரண்டுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புவது: எல்லாம் சரி, அந்த டிரிம்மரைத் தவிர

கிளப்பில் புதிதாகச் சேர்ந்த நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்கதான் ரொம்ப நாளா ரீலோட் பண்றீங்களே, நானும் ஆரம்பிக்கலாமா? காசு மிச்சமாகுமா?" ரீலோட் என்றால் சுட்ட வெற்றுக் கேஸில், அதாவது தோட்டாவின் பித்தளை உறையில், புது பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் நீண்டுபோன கேஸை வெட்டும் என் டிரிம்மருக்கு மாற்று உதிரிபாகம் தபாலில் வந்து, அதைப் பொருத்திவிட்டுக் கையெல்லாம் பித்தளைத் தூளோடு உட்கார்ந்திருந்தேன். அவரிடம் அப்போது சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, அதனால் கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் இருப்பது எம்1 கேரண்ட், பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கி. நான் இருப்பது ஓஹையோவில், கேம்ப் பெர்ரி பக்கம். அங்கிருக்கும் சிஎம்பி (பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் அமைப்பு) கடையில் வாங்கியது. அவர்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் விற்பார்கள் என்பதால் பாஸ்போர்ட் மாறும்வரை காத்திருந்து வாங்கினேன். துப்பாக்கியைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல, 1936இல் ராணுவம் ஏற்றுக்கொண்டது, எட்டுத் தோட்டா கிளிப், .30-06 ரகத் தோட்டா, இதெல்லாம் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். பழைய சரக்கு என்றாலும் வருடாவருடம் கேரண்ட் மேட்ச் என்ற சுடும் போட்டிக்கு வரும் கூட்டம் குறைந்தபாடில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டும்போது மனசாட்சி உறுத்தாது. கடையில் கிடைக்கிற .30-06 தோட்டா எதுவாக இருந்தாலும் சரி என்று கேரண்டில் போட்டுச் சுட்டுவிட முடியாது. வாயு வெளியேறும் துளை குழலின் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் வாயு நீளமான ஆபரேட்டிங் ராடைப் பின்னால் தள்ளித்தான் குழலின் பின்வாயை மூடும் போல்ட் திறக்கிறது. மான் வேட்டைக்கென்று விற்கும் கனமான குண்டு, மெதுவாக எரியும் பவுடர் உள்ள தோட்டாக்களைப் போட்டால் அந்தத் துளையில் அழுத்தம் எக்கச்சக்கமாகிவிடும், ராடு வளையும். மாற்று ராடு மலிவும் இல்லை, நினைத்தவுடன் கிடைப்பதும் இல்லை. வாயுவைக் கொஞ்சம் வெளியே விடும் துளையிட்ட பிளக் (gas plug) மாட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை, பழைய துப்பாக்கி பழைய மாதிரியே இருக்கட்டும்.

கிரீஸிலிருந்து வந்த எச்எக்ஸ்பி ராணுவத் தோட்டாவை சிஎம்பி மலிவாக விற்ற காலம் ஒன்று இருந்தது. அது தீர்ந்த பிறகு இரண்டே வழி. கேரண்டுக்கென்றே தயாரித்ததைக் காசு கொடுத்து வாங்கலாம், இல்லை வீட்டில் நிரப்பலாம். போர்க்காலத்து ராணுவத் தோட்டாவான எம்2 பால் (M2 Ball) ரகத்தில் இருந்தது 150 கிரெய்ன் (எடை அளவு) குண்டு, 4895 ரகப் பவுடர். அந்தப் பவுடர் இன்றைக்கும் டப்பாவில் கிடைக்கிறது. ஹார்னடி கம்பெனியின் தோட்டா நிரப்பும் கையேட்டில் கேரண்டுக்கென்று தனி அட்டவணையே உண்டு. எத்தனை கிரெய்ன் போடுகிறேன் என்று என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், கையேட்டைப் பாருங்கள். இணையத்தில் எவனோ சொன்ன அளவை நம்பி முகத்துக்கு நேராக ஒன்றை வெடிக்க விடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

அப்படி நிரப்பிய தோட்டா சுடுவதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்பது நான் எதிர்பார்க்காத சந்தோஷம். தோளில் உதை குறைவு, போல்ட் போய்வரும் சத்தம்கூட நிதானமாக இருக்கிறது. 200 கஜத்தில் படுத்துச் சுடும்போது குண்டுகள் விழும் இடம் கடைத் தோட்டாவைவிடச் சின்ன வட்டத்துக்குள் அடங்குகிறது. தோட்டா நிரப்பும் என் கருவியான ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ்ஸைப் பற்றியும் ஒரு குறை கிடையாது. வார்ப்பிரும்பில் செய்த முரட்டுச் சாமான், எண்ணெய் விட்டால் போதும், எனக்குப் பிறகு யாராவது வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கைப்பிடி இழுப்புக்கும் ஒரு வேலைதான் நடக்கும், அதனால் மெதுவானது. அந்த மெதுவே எனக்குப் பிடிக்கும். வேலை முடிந்து வந்து, ரேடியோவைப் போட்டுவிட்டு, குண்டுகளை ஒவ்வொன்றாக உட்கார வைப்பது போல மனதுக்கு இதமான வேலை எனக்கு வேறு அமைந்ததில்லை.

சரி, இப்போது பித்தளைக்கு வருவோம்.

போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்காரர்களுக்கு (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடிச் சுடுகிறவர்கள்) இந்த வலி தெரியாது. அவர்கள் சுட்ட கேஸின் கழுத்தை மட்டும் சரிசெய்து மறுபடி நிரப்பலாம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் கையால் போல்ட்டை அழுத்தி மூடிவிடுவார்கள். கேரண்டில் போல்ட்டை மூடுவது ஸ்பிரிங். அது தயங்காமல் முழுசாக மூட வேண்டுமென்றால் கேஸை ஒவ்வொரு முறையும் அடி முதல் கழுத்து வரை முழுநீள டை என்ற அச்சில் நசுக்கி எடுக்க வேண்டும். முதலில் மெழுகு தடவ வேண்டும். தடவாவிட்டால் டைக்குள் மாட்டிக்கொள்ளும், அதிகமாகத் தடவினால் கேஸின் தோள்பகுதியில் (கழுத்துக்குக் கீழே சரியும் இடம்) பள்ளம் விழும். நசுக்கும்போது பித்தளை எங்கே போகும்? மேலே கழுத்துப் பக்கம்தான் ஏறும். ஆக ஒவ்வொரு சுற்றிலும் கேஸ் நீண்டுகொண்டே போகிறது.

.30-06 கேஸின் அதிகபட்ச நீளம் 2.494 அங்குலம். வெட்டி வைக்க வேண்டிய அளவு 2.484. வித்தியாசம் கால் மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. ஆனால் நீண்ட கழுத்து சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) முனையில் முட்டி குண்டைக் கவ்விக்கொண்டால் அழுத்தம் எகிறும். அதனால் வெட்டாமல் விட வழியில்லை. மேட்ச் ஒன்றுக்கு 35 ரவுண்டு, பயிற்சியெல்லாம் சேர்த்தால் ஒரு சீசனில் என் மேசையில் குவியும் கேஸ்களை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் என் டிரிம்மர் வருகிறது. கையால் சுழற்றும் வகை, சின்ன லேத் மாதிரி. ஒரு முனையில் கோலெட் என்ற கவ்வி கேஸின் அடி விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனையில் வெட்டும் கத்தி, கத்தியின் நடுவே கழுத்துக்குள் நுழையும் பைலட். பெயர் சொல்லப்போவதில்லை, கடையில் பார்த்தால் எல்லாரும் வாங்குவது அதைத்தான். பெட்டியின் மேல் 'துல்லியம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பொய்யில்லை. வேறொரு நண்பரின் போல்ட் ஆக்‌ஷன் கேஸ்களை வெட்டிக் கொடுத்தேன், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லை.

கேரண்டின் கேஸைப் போட்டால் கதையே வேறு. இந்தத் துப்பாக்கி வெற்றுக் கேஸை மரியாதையாக வெளியே அனுப்பும் ரகம் கிடையாது. எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைக் கொக்கி போட்டு இழுக்கும், எஜெக்டர் இன்னொரு பக்கம் குத்தித் தள்ளும், கேஸ் முன்பக்கமாக வலப்புறம் பறந்து போய் விழும். எடுத்துப் பார்த்தால் விளிம்பில் ஒரு இடத்தில் பித்தளை கொஞ்சம் பிதுங்கி, நகத்தால் தடவினால் உரசும். அந்தப் பிதுக்கல்தான் வில்லன். டிரிம்மர் அளவு எடுப்பது அந்த விளிம்பை வைத்து. பிதுக்கல் பின்பக்கம் இருந்தால் கேஸ் கொஞ்சம் முன்தள்ளி உட்காரும், வெட்டு ஆழமாகிவிடும். பக்கவாட்டில் இருந்தால் கேஸ் சாய்ந்து உட்காரும், வாய் ஒருபக்கம் உயரம், மறுபக்கம் பள்ளம். கோலெட்டை இறுக்கினால் சரியாகும் என்பார்கள். இறுக்கி இறுக்கித்தான் அந்தக் கோலெட்டின் பிடியே போனது.

கம்பெனிக்கு எழுதினேன். குறை சொல்லக்கூடாது, ஒரு கேள்விகூடக் கேட்காமல் புதுக் கோலெட் அனுப்பிவைத்தார்கள், தபால் செலவுகூட இல்லை. இந்த ஊரில் ரீலோடிங் சாமான் விற்பவர்கள் வாரண்ட்டி விஷயத்தில் பெரிய மனசுக்காரர்கள், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வந்தது அதே கோலெட். அதே கோலெட், அதே விளிம்பு, அதே சாய்வு. இலவசமாக வந்த பொருளைத் திட்டுவது எப்படி என்று தெரியாமல் நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

இப்போது செய்வது இதுதான்: ஒவ்வொரு கேஸையும் கையில் எடுத்து, விளிம்பைச் சின்ன அரத்தால் இரண்டு தேய், டிரிம்மரில் மாட்டு, சுழற்று, கழற்று, வாயின் உள்ளே ஒருமுறை வெளியே ஒருமுறை பிசிறு எடு, காலிப்பரில் அளந்து பார். இதற்குப் பிறகும் நாலைந்து கேஸ் முரண்டு பிடிக்கும். தோள்பகுதியை ஆதாரமாக வைத்து அளவெடுக்கும் டிரிம்மர்கள் உண்டு, டிரில்லில் மாட்டினால் ஒரு கேஸுக்குச் சில நொடிதான். அதில் விளிம்பு எப்படியிருந்தால் என்ன, கவலையில்லை. வாங்கலாமே என்பீர்கள். புதுக் கோலெட் இப்போதுதான் வந்திருக்கிறது, அதை என்ன செய்வது?

இவ்வளவு பாடுபட்டு வெட்டிய கேஸ் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்த்தால் அங்கேயும் ஏமாற்றம். உள்ளே அழுத்தம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே கேஸ் இழுபடுகிறது, பழைய ராணுவ சேம்பர்களும் தாராள மனசோடு கடைந்தவை. அதனால் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வரும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிய ஆரம்பித்தால் எச்சரிக்கை. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், பள்ளத்தில் தட்டுப்பட்டால் அந்தக் கேஸ் குப்பைக்கு. நான் லேக் சிட்டி ஆலையின் ராணுவக் கேஸையே நாலாவது சுற்றுக்கு மேல் நம்புவதில்லை. அந்த லேக் சிட்டியிலும் பிரைமர் குழி ஓரத்தை நசுக்கி அடைத்திருப்பார்கள், முதல் தடவை அதைச் சீவி எடுக்கும் வேலை தனி.

பிரைமர் என்றதும் ஒன்று. கேரண்டில் பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது, போல்ட் மூடும் வேகத்தில் அதுவாகவே முன்னால் வந்து பிரைமரை லேசாகக் குத்தும். சேம்பரில் ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால் அந்தக் குட்டிப் பள்ளம் தெரியும். அதனால் பிரைமர் கேஸின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும், கடினமான ரகமாக இருந்தால் நல்லது. சிசிஐ 34 என்ற பிரைமர் அதற்கென்றே உள்ளது. இதில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது, விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு தோட்டாவும் என் பெட்டிக்குள் போகாது.

சரி, காசு மிச்சமாகுமா? முன்பு ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைத்தது. 2020க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில் அலமாரியே காலி, கிடைத்தாலும் விலை இரண்டு மூன்று மடங்கு. இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. பிரஸ், டை, தராசு, டிரிம்மர், காலிப்பர் எல்லாம் வாங்கிய காசை எடுக்க எத்தனை ஆயிரம் சுட வேண்டும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன், பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மணிக்கு எவ்வளவு சம்பளம் உங்களுக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கணக்கையே தொடவில்லை.

ஆக நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ஃபெடரல் கம்பெனியின் அமெரிக்கன் ஈகிள் தோட்டாவில் கேரண்டுக்கென்றே 150 கிரெய்ன் விற்கிறார்கள், பெட்டி பெட்டியாக வாங்குங்கள், சுடுங்கள், சுட்ட கேஸை என்னிடம் கொடுங்கள். மேலே நான் எழுதிய புகழ்ச்சியெல்லாம் உண்மைதான், ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. என் தோட்டா கடைத் தோட்டாவைவிட நன்றாகச் சுடுகிறது, பிரஸ்ஸை யார் கேட்டாலும் விற்க மாட்டேன், அடுத்த மேட்ச்சுக்கும் நானே நிரப்பிக்கொண்டுதான் போவேன். இருந்தாலும் நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம். கேட்காமல் ஆரம்பித்தே தீருவேன் என்றால் டிரிம்மர் வாங்கிச் செலவழிக்காதீர்கள், என்னுடையதை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கோலெட் புத்தம் புதுசு.