ஹோட்லியின் வரைபடமா, வார்டின் ரேடியோவா?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1956-இல் பொழுதுபோக்காகப் புயல் துரத்தக் கிளம்பியவர் டேவிட் ஹோட்லி. புயல் துரத்துவது என்றால், இடிமேகங்களையும் டொர்னாடோ என்ற சுழல்காற்றையும் தேடிப்போய்ப் பார்ப்பது. அவர் வானிலை நிலையத்துக்குப் போய் டெலிபிரிண்டரில் (தந்தி வழி அச்சடிக்கும் கருவி) வந்த அளவீடுகளைப் பார்த்து, வரைபடத்தில் குறித்து, அவரே கணித்துப் புறப்படுவார். ஈரக்காற்றும் வறண்ட காற்றும் எங்கே முட்டுகின்றன என்பதுதான் முக்கியம்; இடிமேகம் பெரும்பாலும் அங்கேதான் எழும். சாலையில் இறங்கியதும் தகவல் பழசாகிவிடும். அடுத்த நிலையம் வரும்வரை மேகத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டும்.

ஓக்லஹோமாவில் வானிலை ஆய்வாளர் நீல் வார்டு 1961-இல் புயலைத் தேடி நெடுஞ்சாலைப் போலீஸ் காரில் போனார். வானிலை அலுவலகத்துடன் ரேடியோ தொடர்பு. கண்ணில் படுவதை ரேடாரோடு உடனே ஒப்பிடலாம். வசதி இதில்தான். ஆனால் பொழுதுபோக்குக்காரருக்குப் போலீஸ் கார் யார் கொடுப்பார்கள்? ஹோட்லி வழிதான் கைக்கெட்டியது. ரேடாரும் முழுதாகக் காட்டாது: அரை டிகிரி மேல்நோக்கிய சாய்வில் போகும் அதன் கதிர், 100 கி.மீ. தாண்டினால் தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேலே போய்விடும். டொர்னாடோ தரை தொடுவது அதற்குக் கீழே.