முப்பதாயிரம் சம்பளம்: சைதாப்பேட்டையா, கூடுவாஞ்சேரியா, மேன்ஷனா?

என் அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ், மாதம் முப்பதாயிரம். இப்போது கோவில்பட்டியில் அக்காவின் சொந்த வீட்டில் இருக்கிறான், மனைவியும் யுகேஜி படிக்கும் பையனும் உண்டு. "மாமா, முப்பதாயிரத்துல அங்க குடும்பம் நடத்த முடியுமா, இல்ல நான் மட்டும் வந்து மேன்ஷன்ல தங்கிக்கட்டுமா?" என்று போனில் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்த மூன்று விதமாகவும் நான் இருந்திருக்கிறேன்: திருவல்லிக்கேணியில் ஆண்கள் அறையைப் பகிர்ந்து தங்கும் மேன்ஷனில் இரண்டு வருடம், தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் கூடுவாஞ்சேரியில் மூன்று வருடம், அப்புறம் சைதாப்பேட்டை. அவனுக்குச் சொல்ல உட்கார்ந்து எழுதியது நீண்டுவிட்டது. இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் சம்பளம். முப்பதாயிரம் என்றால் கையில் முப்பதாயிரம் வராது. பி.எஃப். 1,800 பிடிப்பார்கள், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி 1,250 போகும், ஆக மாதம் 28,000 என்று வைத்துக்கொள்ளலாம். இது குறைந்த சம்பளம் என்றும் சொல்ல முடியாது, நாடு தழுவிய தொழிலாளர் கணக்கெடுப்பில் மாதச் சம்பளக்காரர்களின் சராசரியே இருபதாயிரத்தை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் இந்தச் சம்பளத்துக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது, அதைப் பலரும் குடும்பத்தோடு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். 21,000 வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, அதைத் தாண்டினால் கிடையாது. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய்க்குக் குடும்ப வருமானம் வருடம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1.2 லட்சத்துக்குள். முப்பதாயிரம் வாங்குகிறவனுக்கு ஆண்டுக்கு 3.6 லட்சம் ஆகிவிடுகிறது. எதிலும் சேரமாட்டான். குழந்தைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து படுத்தால் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், நானே போயிருக்கிறேன், ஆனால் அதற்கு ஒரு நாள் லீவு வேண்டும்.

சரி, சைதாப்பேட்டைக்கு வருவோம். ஒரு பெட்ரூம் வீடு, சுமாரான தெரு, 12,000 வாடகை. இதற்குக் கீழேயும் கிடைக்கும், ஆனால் வெளிச்சம் இருக்காது, பகலிலேயே லைட் போட வேண்டிய வீடாக இருக்கும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்குவார்கள் (அரசு தரும் 100 யூனிட் இலவசம் வாடகைக்காரனுக்கு வந்து சேர்வது அபூர்வம்), அது ஆயிரத்தை ஒட்டி வரும். தண்ணீர் கேன் 350, சிலிண்டர் 900, பாலும் காய்கறியும் மளிகையும் 8,500, பையனின் பள்ளிக்கும் வேனுக்கும் 3,000, இரண்டு போன் ரீசார்ஜ் 700, போக்குவரத்து 500, மருந்து மாத்திரை 1,000. கூட்டிப் பார்த்தால் 27,950. கையில் நிற்பது ஐம்பது ரூபாய். இதில் துணிமணி இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் செலவு இல்லை, ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுதினால்கூட அந்த மாதம் துண்டு விழும்.

இன்னொன்று, அட்வான்ஸ். பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம், 12,000 வாடகைக்கு அது 1,20,000. 2017இல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்ற இடைவெளியையும் அதே சட்டம் விட்டு வைத்திருக்கிறது. பேசினால் ஐந்து மாதத்துக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கண்டிப்பாகப் பேச வேண்டும். அந்தப் பணத்தை நம்மைப் போன்றவர்கள் எங்கிருந்து எடுப்போம்? நகையை வைத்துத்தான். மாதம் ஒரு வட்டி என்றாலும் 1,20,000க்கு 1,200 ரூபாய், அது யாரும் சொல்லாத கூடுதல் வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதும் உண்டு.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நான் அன்றைக்குக் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். அதே அளவு வீடு இன்றைக்கு அங்கே 8,000 வாக்கில் கிடைக்கிறது. மின் இணைப்பு தனியாக இருந்தால் கரண்ட் பில் பாதிக்கும் கீழே வந்துவிடும். காற்று வரும், மொட்டை மாடி உண்டு, பையன் தெருவில் சைக்கிள் ஓட்டலாம். ரயில் சீசன் டிக்கெட் மாதம் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், இவ்வளவு மலிவான பயணம் எந்தப் பெரிய நகரத்திலும் பெரிய விஷயம்தான். வாடகையிலும் கரண்டிலும் சேர்த்து 4,600 மிச்சம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் 8,000க்குக் கிடைக்கும் வீடு ஸ்டேஷன் பக்கத்தில் இருக்காது, உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது, மாதம் 1,040. ராத்திரி வீட்டுக்குப் போக நேரமாகும் என்று சாயங்காலம் டீயும் வடையுமாக ஒரு நாற்பது ரூபாய், அது ஓர் ஆயிரம். பள்ளி வேனுக்குத் தூரம் அதிகம் என்று எழுநூறு கூட. மிஞ்சுவது 1,900கூட இல்லை. தவணையில் ஒரு வண்டி வாங்கிவிட்டால் அதுவும் போச்சு.

நேரத்தையும் பாருங்கள். காலை ஏழு இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒன்பதை ஒட்டித்தான் ஆபீஸ் வாசல். சைதாப்பேட்டையிலிருந்து மாம்பலம், கோடம்பாக்கம், அடுத்தது நுங்கம்பாக்கம், ஐந்து ரூபாய் டிக்கெட், வீட்டுப் படியிலிருந்து ஆபீஸ் வரை முப்பத்தைந்து நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வித்தியாசம், 26 நாளுக்கு 52 மணி நேரம். அந்த 1,900 ரூபாயை 52ஆல் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய் வருகிறது. மூன்று வருடம் நான் என் பிள்ளையோடு இருக்க வேண்டிய நேரத்தை அந்த விலைக்குக் கொடுத்திருக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே உட்கார இடம் இருக்காது, கம்பியைப் பிடித்தபடி தூங்கப் பழகிக்கொள்வோம். வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. 2015இல் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர் மறுபடி தண்ணீரில் நின்றது. வாடகை குறைவான வீடு பல நேரம் பள்ளத்தில் இருக்கும். நான் ஒரு வீடு பார்க்கப் போனபோது புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், பீரோ இருந்த இடத்துக்குப் பின்னால் மட்டும் தூரிகை எட்டவில்லை போல, அங்கே சுவரில் முட்டி உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. வீடு பார்க்கும்போது கதவுக்குப் பின்னால், அலமாரிக்குப் பின்னால் பார்த்துவிடுங்கள்.

மேன்ஷனுக்கு வருகிறேன். பணக் கணக்கில் இதை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. திருவல்லிக்கேணியில் இரண்டு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில் 5,000, மெஸ்ஸில் மாதச் சாப்பாடு 4,500, மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் வர ஸ்லீப்பரில் 1,600, மற்ற சில்லறைச் செலவு 1,900. மொத்தம் 13,000. வீட்டுக்கு 15,000 அனுப்பலாம். என் அக்கா மகன் விஷயத்தில் அங்கே வாடகை இல்லை, அவன் மனைவி ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் கணக்கு எழுதி ஒன்பதாயிரம் வாங்குகிறாள், அந்த வருமானமும் அப்படியே தொடரும். பையனைப் பார்த்துக்கொள்ள அக்கா இருக்கிறாள். மாதம் பத்தாயிரம்கூடச் சேர்க்கலாம்.

ஆனாலும் நான் அதை அவனுக்குச் சொல்ல மாட்டேன். நான் மேன்ஷனில் இருந்தபோது என் மகளுக்கு மூன்று வயது. ராத்திரி எட்டரைக்கு வீடியோ கால் போடுவேன். இரண்டு நிமிடம் பேசுவாள், அப்புறம் போனைத் தரையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். திரையில் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், அவள் குரல் மட்டும் தூரத்தில் கேட்கும். வைக்க மனம் வராமல் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். மாதம் இரண்டு முறை என்று கணக்கில் எழுதுகிறோமே, அதுவும் நடக்காது. முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது, வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகரும் உடனே நிரம்பிவிடும், தட்கல் கிடைக்காது, ஆம்னி பஸ்ஸில் கேட்கும் காசுக்குப் போகாமலே இருந்துவிடுவோம். ஒரு முறை தவறினால் ஒரு மாதம் ஆகிவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். வாடகையை மட்டும் ஒப்பிட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. கூடுவாஞ்சேரியில் இருந்தபோது என் மனைவிக்குத் தி.நகரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை வந்தது. கடை மூடி அவள் வீடு வந்து சேர ராத்திரி பதினொன்று ஆகும், குழந்தையை யாரிடம் விடுவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சைதாப்பேட்டைக்கு வந்த பிறகு அதே மாதிரி வேலை, காலை ஷிஃப்ட், 11,000 சம்பளம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் போக வரச் செலவும் இல்லை. கூடுவாஞ்சேரி எங்களுக்கு மிச்சப்படுத்தியது 1,900, எடுத்துக்கொண்டது 11,000. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. மறைமலைநகர், மகேந்திரா சிட்டி, பொத்தேரி பக்கம் மனைவிக்கு வேலை கிடைத்தால் கூடுவாஞ்சேரிதான் சரி, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். யாருக்கு எங்கே வேலை என்பதை வைத்துத்தான் வீட்டைத் தேட வேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கூடம். அந்த 3,000 ரூபாயைத்தான் எளிதாகக் குறைக்க முடியும், அதைத் தொடத்தான் நமக்கு மனம் வருவதில்லை. என் மகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் போட்டோம். காலைச் சிற்றுண்டி அங்கேயே, நடந்து போகும் தூரம். சொந்தக்காரர்கள் பேசினார்கள், பேசட்டும். நன்றாகப் படிக்கிறாள். ரேஷனில் துவரம்பருப்பு முப்பது ரூபாய், பாமாயில் இருபத்தைந்து, குடும்ப அட்டையைச் சென்னை முகவரிக்கு மாற்றினால் மளிகையில் ஐந்நூறு ரூபாயாவது குறையும். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் அரிசி மூட்டையும் இதில் சேர்த்திதான். ஒரு சராசரிச் சம்பளம் தனியாக நின்று இந்த ஊரில் ஒரு குடும்பத்தைத் தாங்குவதில்லை, பெண்டாட்டியின் உழைப்பும் ரேஷன் கடையும் அரசுப் பள்ளியும் ஊர் அரிசியும் கூட நின்றால்தான் தாங்குகிறது. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஆனால் முழுநேரம் உழைக்கிற ஒருவனின் சம்பளத்துக்கு இவ்வளவு முட்டுக்கொடுக்க வேண்டியிருப்பது எனக்குக் கோபம் தருகிறது.

நேற்று ராத்திரி அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஜூன் வரைக்கும் மேன்ஷன், அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். அதற்குள் அவன் மனைவிக்கு இந்தப் பக்கம் கணக்கு எழுதும் வேலை தேடுவோம், பையனை ஒன்றாம் வகுப்பில் இங்கே சேர்ப்போம், அட்வான்ஸ் ஐந்து மாதத்துக்கு மேல் கேட்கிற வீட்டைப் பார்க்கவே வேண்டாம். "அவ கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்றான், அது நல்ல பதில். அடுத்த சனிக்கிழமை இருவரும் பையனோடு வருகிறார்கள். சைதாப்பேட்டையில் இரண்டு வீடு சொல்லி வைத்திருக்கிறேன், ஸ்டேஷனிலிருந்து பையனை நடக்க வைத்தே கூட்டிப்போகப் போகிறோம், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும்.