1,450 ரூபாய் ஸ்பிரிங் கம்ப்ரஸர்: இடது ஷாக் வீட்டில், வலது ஷாக் பட்டறையில்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. காரின் ஷாக் அப்ஸார்பரைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, ஷாக்கைப் பிரிக்க உதவும் கருவி இது. பொருள் உடையவில்லை, ஏமாற்றவும் இல்லை, சொன்ன வேலையைச் செய்தது. ஆனாலும் காரின் ரெண்டு முன் ஷாக்கில் ஒன்றைத்தான் இதை வைத்துப் பிரித்தேன். இன்னொன்றை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் படுக்கப்போட்டு பல்லாவரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஏன் என்பதுதான் இந்த ரிவியூ.

கார் 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 98,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு மாதமாக முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ஒரு ‘டொக்’, அப்புறம் பானெட் கோயில் மாடு மாதிரி ரெண்டு மூன்று தடவை தலையாட்டிவிட்டுத்தான் நிற்கும். லிங்க் ராடு மாற்றிப் பார்த்தேன், சத்தம் போகவில்லை. வீலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் இடது ஷாக் முழுக்க எண்ணெய்க் கசிவு, அதில் புழுதி ஒட்டி அடையாகப் பிடித்திருந்தது. சர்வீஸ் சென்டரில் ரெண்டு ஷாக், அதன் மேல்முனையைக் காரோடு பிடிக்கும் மவுண்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,000க்கு மேல் எஸ்டிமேட் போட்டார்கள். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் ஷாக் ஜோடி 4,600, மவுண்டும் பேரிங்கும் சேர்த்து 1,300. மீதி ஐயாயிரத்துச் சொச்சம் வெறும் கழற்றி மாட்டவா என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது பாருங்கள், அந்தக் கணக்குதான் என்னை ராத்திரி பதினோரு மணிக்கு ஆன்லைனில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேட வைத்தது.

ஜி.பி. ரோடு கடைக்காரர் பில் போடும்போதே கேட்டார். “நீங்களே மாட்டப் போறீங்களா தம்பி? எல்லாம் பண்ணுங்க, நடு நட்டை மட்டும் சும்மா கழட்டிடாதீங்க, மூஞ்சி போயிடும்.”

அவர் மிகைப்படுத்தவில்லை. இப்போது ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக இருக்கும் அமைப்பு. எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியரின் யோசனை இது, 1950இல் லண்டன் மோட்டார் ஷோவில் காட்டிய ஃபோர்டு கான்சலில் வந்தது. நம் அம்பாசடரில் முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங் என்று கணக்கே வேறு. 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகுதான் இந்த அமைப்பு நம் தெருக்களில் பெருகியது. ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங்கை மாட்டி, அதை அமுக்கி, மேலே மவுண்டை வைத்து, ஷாக்கின் நடுத்தண்டில் ஒரே ஒரு நட்டைப் போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்த ஒரு நட்டுதான் ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருக்கிறது. காரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்த பிறகும் ஸ்பிரிங் பாதி அமுங்கியேதான் இருக்கும், பார்த்தால் சாதுவாகத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்பிரிங்கை ஒரு சென்டிமீட்டர் அமுக்க 20 கிலோ பாரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் காருக்கு இது நியாயமான அளவு. 15 சென்டிமீட்டர் அமுக்கினால் 300 கிலோ. அதற்குள் அடங்கியிருக்கும் சக்தி, 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து ரெண்டு சேர்ந்து அடிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஹெல்மெட் இல்லாமல், கிரீஸ் கையோடு, போர்ட்டிகோவில் உட்கார்ந்துகொண்டு இதை எதிர்கொள்ளப் போகிறோம்.

சரி, பெட்டிக்கு வருவோம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ரெண்டு நீளத் தண்டு, ஒவ்வொன்றிலும் மேலே ஒரு ஜோடிக் கொக்கி, கீழே ஒரு ஜோடிக் கொக்கி. தண்டின் தலையை 24 பாக்ஸ் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கொக்கிகள் ஒன்றையொன்று நெருங்கும். ஸ்பிரிங் கொக்கியிலிருந்து வெளியே நழுவாமல் இருக்கக் குறுக்கே போட நாலு பின் கொடுத்திருக்கிறார்கள். எடை நன்றாக இருக்கிறது, கொக்கி வார்ப்பில் ஓட்டை விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. குறை என்று பார்த்தால் முதலாவது மரை. ஜாக்கியில் இருக்குமே பட்டையான கனத்த மரை, அப்படி இருந்திருக்க வேண்டும். இதில் சாதாரண போல்ட்டு மாதிரி நெருக்கமான கூர் மரை, அதற்குள்ளும் கறுப்பு பெயின்ட். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவாமல் இதில் கை வைக்கவே வைக்காதீர்கள். வறட்டு மரையில் 300 கிலோ பாரத்தோடு திருப்பினால் மரை தேய்ந்து நடுவழியில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அவிழ்க்கவும் முடியாது, முறுக்கவும் முடியாது. ரெண்டாவது குறை அந்த நாலு பின். ஒரு சின்னச் சங்கிலி போட்டுக் கொக்கியோடு கோத்திருக்கலாம். தனித்தனியாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், கீழே விழுந்தால் உருண்டு போய்க்கொண்டே இருக்கும். இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒரு துண்டுச் சீட்டு, அதில் படம் மட்டும்தான்.

ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றுவது பெரிய விஷயமே இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, பின் வீலுக்குக் கட்டை வைத்து, பிரேக் ஹோஸையும் லிங்க் ராடையும் விடுவித்து, கீழே ரெண்டு பெரிய போல்ட்டு, மேலே பானெட்டுக்குள் மவுண்ட் நட்டுகள், அவ்வளவுதான். வீல் மாட்டும் ஹப்பை பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். ஒரே ஒரு முன்யோசனை எனக்கு உதவியது: கார் நாலு வீலிலும் தரையில் நிற்கும்போதே நடு நட்டைக் கால்வாசிச் சுற்று மட்டும் இளக்கி வைத்துக்கொண்டேன். இளக்கினேன், கழற்றவில்லை, இந்த வித்தியாசம் முக்கியம். வெளியே எடுத்த பிறகு இறுகிய நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றும். எண்ணெய் போட்டு ஊறவைத்த போல்ட்டுகளோடு சேர்த்து இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்த மூன்று மணி நேரம் ஸ்பிரிங்குக்குப் போனது.

சின்னக் கார் ஸ்பிரிங்கில் சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே இடைவெளி குறைவு. கொக்கி தடிமனாக இருப்பதால் மேல் சுருளில் நுழையவில்லை, ஒரு சுருள் விட்டு அடுத்ததில்தான் உட்கார்ந்தது. எவ்வளவு அதிகச் சுருளைப் பிடிக்கிறோமோ அவ்வளவு குறைவாக முறுக்கினால் போதும், அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை. ரெண்டு தண்டையும் நேர் எதிரெதிராக வைத்து, பின் போட்டு, இந்தப் பக்கம் ரெண்டு சுற்று, அந்தப் பக்கம் ரெண்டு சுற்று என்று மாற்றி மாற்றி கை ராட்செட்டால் முறுக்கினேன். இம்பாக்ட் கன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை இங்கே எடுக்க வேண்டாம், மரை சூடாகிக் கடித்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு சுற்று வரைக்கும் அமைதியாகப் போனது. அதற்கு மேல் சுருள்கள் ‘டிக்... டிக்...’ என்று பேச ஆரம்பித்தன. ஒவ்வொரு டிக்குக்கும் கை தானாகப் பின்னால் வந்தது. உள்ளே சமையலறையிலிருந்து “என்னங்க சத்தம்?” என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லை என்று சொல்லி வாய் மூடவில்லை, ஸ்பிரிங் வளைந்திருப்பதைக் கவனித்தேன். வழவழவென்று பெயின்ட் அடித்த சுருளில் ரெண்டு தண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி ஒரே பக்கம் நெருங்கியிருக்கின்றன. அந்தப் பக்கம் அமுங்கி, எதிர்ப்பக்கம் விரிந்து, ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி நிற்கிறது. இதுதான் இந்த வகை கம்ப்ரஸரின் உண்மையான ஆபத்து. பின் இருக்கிறதே என்று கேட்கலாம். பின், சுருள் கொக்கியை விட்டு வெளியே வராமல்தான் தடுக்கும், கொக்கி சுருளின் மேலேயே சறுக்கிப் போவதைத் தடுக்காது. அந்த நேரத்தில் பதறி ஒரு பக்கத்தை மட்டும் அவிழ்த்தால் முடிந்தது கதை. பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்து, மேல் முனையும் கீழ் முனையும் யாரையும் எதையும் பார்க்காதபடி ஸ்ட்ரட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முறுக்கிய மாதிரியே மாற்றி மாற்றி ரெண்டு ரெண்டு சுற்றாக முழுக்க இளக்கினேன். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை.

ரெண்டாவது முயற்சியில் கொக்கி உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டை வைத்தேன், வழுக்கவில்லை. சுருள்களுக்குள் விட்டு ஒரு தடித்த இரும்புச் சங்கிலியும் கட்டினேன், விட்டுப் போனாலும் தூரம் போகாது என்று. இந்த முறை ஸ்பிரிங் நேராகவே அமுங்கியது. கீழ்த் தட்டிலிருந்து விடுபட்டுக் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடும் வரை அமுக்க வேண்டும், அதற்கு முன்னால் நடு நட்டைத் தொடக் கூடாது. ஆடியது. தண்டின் தலையில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்பினேன். அத்தனை கலவரத்துக்கும் அப்புறம் அது பாட்டில் மூடி மாதிரி அமைதியாக வந்தது.

மவுண்ட், பேரிங், மேல் தட்டு, பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் என்று வந்த வரிசையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி நறநறத்தது, கடகட சத்தத்தில் பாதி இதுதான். பழைய ஷாக்கின் தண்டை அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் அங்கேயே படுத்துக்கொண்டது. புது ஷாக் வாயு நிரப்பிய வகை, அமுக்கி விட்டால் தானாக நிதானமாக எழுந்து வருகிறது. நிமிர்த்தி வைத்து மூன்று நாலு தடவை அமுக்கி எடுத்த பிறகு மாட்டினேன். ஸ்பிரிங்கின் முனை கீழ்த் தட்டில் இருக்கும் படிக்கட்டு மாதிரியான வெட்டில் சரியாக முட்டி உட்கார வேண்டும், புது நட்டு போட வேண்டும், அப்புறம்தான் கம்ப்ரஸரை இளக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது, இடது பக்கம் முடிந்தபோது மணி ஒன்றரை.

ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், அதனால் சாப்பிட்டுவிட்டு வலது ஸ்ட்ரட்டையும் கழற்றினேன். கம்ப்ரஸரைக் கையில் எடுத்தேன். அந்த ‘டிக்’ சத்தம் நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பட்டறையில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். “என்ன தம்பி, பாதிச் சமையல்ல எடுத்துட்டு வந்திருக்கீங்க?” என்று சிரித்தார். “அண்ணே, இந்த ஸ்பிரிங்கை மட்டும் புது ஷாக்குல மாத்திக் கொடுங்க” என்றேன். தரையோடு போல்ட்டு போட்டு நிறுத்தியிருந்த ஸ்டாண்டில் ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்தார், மேல் சுருளை ரெண்டு தாடை கவ்வியது, கால் பெடலை மிதிக்க மிதிக்க ஹைட்ராலிக் ஜாக்கி அதை நேராக இறக்கியது. ஒரு டிக்கும் இல்லை, வளைவும் இல்லை. பன்னிரண்டு நிமிடம், 250 ரூபாய். இடது பக்கத்தை வீட்டில் முடித்த கதையைச் சொன்னேன். கொக்கி பட்ட இடத்தில் ஸ்பிரிங் பெயின்ட் உரிந்திருக்கும், அப்படியே விட்டால் துரு பிடித்து அந்த இடத்திலேயே உடையும், கொஞ்சம் பெயின்ட் அடித்துவிடுங்கள் என்றார். கிளம்பும்போது, “ரெண்டையும் கொண்டாந்திருந்தா நானூறு ரூபாய்ல முடிஞ்சிருக்குமே” என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆக, யார் வாங்கலாம்? பக்கத்தில் பட்டறை இல்லாதவர்கள், பொறுமை உள்ளவர்கள், இடையில் நிறுத்தி முழுக்க அவிழ்த்துத் திரும்ப ஆரம்பிக்க வெட்கப்படாதவர்கள். மற்றவர்கள் ஸ்ட்ரட்டை வீட்டிலேயே கழற்றி மாட்டுங்கள், காசு மிச்சமாவது அதில்தான். ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை மட்டும் நிமிர்ந்த ஸ்டாண்டு வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும், கீழே அந்த ரெண்டு போல்ட்டைத் தொட்டாலே கோணம் மாறிவிடும். எனக்கு எல்லாம் சேர்த்துக் கம்ப்ரஸர் விலையோடு 8,200 ஆனது. பானெட் இப்போது தலையாட்டுவதில்லை.

மேல் வீட்டு அண்ணன் போன வாரம் தன் காருக்கு இதை இரவல் கேட்டார். பெட்டியைத் திறந்து காட்டினேன், மூன்று பின்தான் இருக்கிறது. நாலாவது போர்ட்டிகோ சாக்கடை மூடிக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது. அது கிடைக்கும் வரை யாருக்கும் தருவதாக இல்லை என்றேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.